ஏழு நாள் பச்சைப் பட்டை

லீவு முடிந்து திரும்புகிறவர்களுக்கு எங்கள் கம்பெனியில் ஒரு பச்சைத் துணிப் பட்டை கொடுப்பார்கள். அதை வலது புஜத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். ஏழு நாளைக்கு அவிழ்க்கக் கூடாது. கட்டியிருப்பவன் மொட்டைமாடிக்கு ஏறக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது. கீழே நிழலில் உட்கார்ந்து ஃபில்டர் கழுவுவது, வயர் சுற்றுவது என்று சில்லறை வேலைகளைச் செய்துகொண்டிருக்க வேண்டும். நாற்பத்தைந்து நாள் ஊரில் இருந்துவிட்டு வந்தால் உடம்புக்கு இந்த வெயில் மறந்துபோய்விடுமாம், மறுபடி பழக ஏழு நாள் ஆகுமாம். சேஃப்டி ஆபீசர் வருடத்துக்கு இரண்டு தடவை திரையில் படம் போட்டு இதைச் சொல்வார். நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து ஏசிக் குளிரில் நன்றாகத் தூங்குவோம்.

பட்டை கட்டியவனுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் விருந்தாளி. விருந்தாளிக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா, விருந்தாளி தண்ணி குடிச்சாரா பாருங்கப்பா என்று ஏழு நாளும் ஓட்டித் தள்ளுவார்கள். அந்தப் பெயரைக் கண்டுபிடித்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வேலை பெரிய கட்டடங்களின் ஏசியைப் பராமரிப்பது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் குளிர் கிடைக்கிறது என்றால், அங்கிருந்து உறிஞ்சிய சூட்டை எங்கேயாவது கொட்ட வேண்டும் அல்லவா? மொட்டைமாடியில் கொட்டுவார்கள். அங்கே ஆள் உயரத்துக்கு யூனிட்கள் வரிசையாக நின்று இருபத்து நான்கு மணி நேரமும் அனலை ஊதிக்கொண்டிருக்கும். தலைக்கு மேலே வெயில், முகத்துக்கு நேரே அனல், காலுக்குக் கீழே கொதிக்கும் தளம். இருபத்திரண்டு வருடமாக இதில் கிடக்கிறேன். கடைசி ஒன்பது வருடம் ஃபோர்மேன்.

இந்தத் தடவை லீவுக்கு நானும் என் தங்கச்சி வீட்டுக்காரரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே திரும்பினோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவரை இங்கே கூட்டிவந்தவன் நான். ஊரில் அவர் வீட்டு மாப்பிள்ளை. வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க என்றுதான் பேச்சு. இங்கே என் கீழே வேலை பார்க்கும் மெக்கானிக். வா, போ, அந்த ஸ்பேனரை எடு. ஏறும்போது ஒரு மரியாதை, இறங்கினால் வேறு மரியாதை. அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதே இல்லை. ஏர்போர்ட்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள் மச்சான், எந்த இடத்திலிருந்து எனக்கு மரியாதை கிடையாது என்று தெரிந்துகொள்கிறேன் என்பார். இங்கே எப்படிக் கூப்பிட்டிருந்தாலும் எழுதும்போது அவர் என்றே எழுதுகிறேன்.

முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் கிண்டல் செய்கிற ஆள். திரும்பி வந்த அன்று ரூமில் எல்லோரிடமும், விமானத்தில் நான் விட்ட குறட்டையைக் கேட்டு இன்ஜினில் ஏதோ கோளாறு என்று பைலட் எழுந்துவந்து பார்த்ததாகச் சொன்னார். ஒருத்தன் நிஜமாகவே நம்பிவிட்டான். மச்சான் என்றால் சீண்டுவது, மாப்பிள்ளை என்றால் வாருவது என்று எங்கள் இரண்டு பேருக்கும் இதே பிழைப்பு. அவர் சொல்வதில் எது நிஜம், எது விளையாட்டு என்று நான் பிரித்துப் பார்ப்பதையே விட்டிருந்தேன்.

அவருக்குத் திரும்பி வர மனசே இல்லை. ஊரிலேயே ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை போட்டு உட்கார்ந்துவிடலாம் என்று ஆசைப்பட்டார். இன்னும் ஒரு வருடம், அப்புறம் நானே டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன் என்று பேசிப் பேசிக் கரைத்தவன் நான். கிளம்புகிற அன்று தங்கச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அவருக்குப் போக இஷ்டமே இல்லண்ணே. நீங்க கூட இருக்கீங்கன்னுதான் அனுப்புறேன். பாத்துக்கங்க."

"நான் இருக்கேன்லம்மா" என்றேன்.

என் வீட்டுக் கதை வேறு மாதிரி. போன மறுநாள் காலையில் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் சுவிட்சைப் போடப் போனேன். பழைய சுவிட்ச் இருந்த இடத்தில் ஒரு பெட்டி இருந்தது. அதில் இருந்த பொத்தானை அமுக்கினேன். குளித்துக்கொண்டிருந்த என் பையன் தலையில் சோப்புடன் எட்டிப் பார்த்து, "அப்பா, அதைத் தொடாதீங்க. தானா போடும், தானா நிக்கும்" என்றான். ஊர் உலகத்துக்கெல்லாம் மெஷின் ஓட்டுகிறவன் சொந்த வீட்டு மோட்டாரை நிறுத்திவிட்டு அசடு வழிய நின்றேன்.

எல்லாமே அப்படித்தான் இருந்தது. வாசலில் யாராவது வந்தால் பையனைக் கேட்டார்கள். என் மனைவி நான் இல்லாமலே ஒரு வீட்டைக் கச்சிதமாக நடத்தப் பழகியிருந்தாள். நான் ஏதாவது செய்யப் போனால், நாலு நாளைக்கு வந்திருக்கீங்க, சும்மா உக்காருங்க என்பாள். நாற்பத்தைந்து நாள் அவளுக்கு நாலு நாளாகத் தெரிந்தது. திரும்புவதற்கு ஒரு வாரம் முன்னால், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வந்து என்ன செய்யப் போறீங்க?" என்றாள். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள், அதனால்தான் எனக்கு அது நெஞ்சில் தைத்தது. பெட்டி கட்ட ஆரம்பித்தேன்.

ஆக, அவர் வீட்டைப் பிரிய முடியாமல் வந்தார், நான் வீட்டில் ஒட்ட முடியாமல் வந்தேன். இங்கேயாவது எனக்கு ஒரு இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் விமானத்தை விட்டு இறங்கினேன். கண்ணாடிக் கதவு திறந்ததும், சோற்றுப்பானை மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த ஆவி அடித்தது. முதல் மூச்சு உள்ளே போகாமல் தொண்டையிலேயே நின்றது. மாப்பிள்ளை பையைக் கீழே வைத்துவிட்டு, நல்லவேளை, எங்கே மறந்துபோயிருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தேன் என்றார்.

ரூமில் என் கட்டிலில் மூன்று பெட்டிகள் இருந்தன. யாருடையவை என்று யாருக்கும் தெரியவில்லை. என் அலமாரித் தட்டில் வேறு ஒருவனின் சோப்பு டப்பா. குழாயைத் திறந்தால் விடியற்காலையிலேயே வெந்நீர் வந்தது. ராத்திரியே வாளியில் பிடித்து ஆறவைக்க வேண்டும் என்கிற சின்ன விஷயம்கூட எனக்கு மறந்திருந்தது. மூன்று நாள் வயிறு சரியில்லை. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. கண் விழித்ததும் முதலில் ஊர்ச் சத்தம் காதில் கேட்கும், அப்புறம்தான் ஏசி உறுமும். மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு ஃபோனில் தன் மகள் நடை பழகும் வீடியோவைச் சத்தம் இல்லாமல் திரும்பத் திரும்பப் பார்த்தார். அந்த நேரங்களில் மட்டும் அவர் கிண்டல் செய்யவில்லை.

வேலையிடத்தில் நான் இல்லாத நாற்பத்தைந்து நாளும் என் இடத்தைப் பார்த்துக்கொண்டவன் நெட்டை. ஆறடிக்கு மேல் உயரம், வார்த்தைக்குப் பஞ்சம். பன்னிரண்டு வருடமாக என்னிடம் வேலை கற்றவன். ஏதாவது குளறுபடி பண்ணி வைத்திருப்பான், போய் நான்கு சத்தம் போட்டுச் சரிசெய்யலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன். எதுவும் இல்லை. எந்த யூனிட்டுக்கு எப்போது சர்வீஸ் என்று ஒரு பலகையில் எழுதி மாட்டியிருந்தான். வேலை ஒன்றும் பாக்கி இல்லை. பையன்கள் சந்தேகம் என்றால் அவனைப் பார்த்துக் கேட்டார்கள், பிறகு நான் நிற்பது ஞாபகம் வந்து என் பக்கமும் ஒரு தடவை திரும்பினார்கள். அவன் நன்றாகச் செய்ததற்காகவே அவன்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பச்சைப் பட்டைகளை எடுத்து நீட்டியவனும் அவன்தான். "ஏழு நாள் கீழ ப்ளான்ட் ரூம்ல இருங்கண்ணே. மேல நான் பாத்துக்கறேன்."

முன்னெல்லாம் லீவிலிருந்து வந்தால் பட்டையை வாங்கி மேஜையில் போட்டுவிட்டு நான் பாட்டுக்கு மேலே ஏறிவிடுவேன். அந்தக் காலம் போய்விட்டது. போன வருடம் வேறொரு குழுவில் ஒருத்தன் மாடியில் மயங்கி விழுந்து பிழைத்த பிறகு சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். பட்டை கட்டியவன் மேலே போனால் அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம். போகவிட்ட ஃபோர்மேனுக்கு அதே வாரம் ஊருக்கு டிக்கெட், திரும்பி வர முடியாது.

முதல் மூன்று நாள் நானும் மாப்பிள்ளையும் கட்டடத்தின் அடியில் மெஷின்கள் இருக்கும் ப்ளான்ட் ரூமில் ஃபில்டர் கழுவினோம். ஒன்பது வருட ஃபோர்மேன் முட்டி மடக்கி உட்கார்ந்து ஃபில்டரில் சோப்புத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். மேலே போகிற பையன்கள் வழியில் தலையை நீட்டி, விருந்தாளிங்க ரெண்டு பேரும் சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை எழுந்து நின்று கும்பிட்டு, கைகழுவத் தண்ணீர் தரவில்லை, உங்கள் வீட்டில் உபசாரமே சரியில்லை என்று புகார் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கண்டுபிடித்த பெயர்தான். வீட்டில் நாற்பத்தைந்து நாள் அதைத்தான் கட்டிக்கொண்டிருந்தேன், இங்கேயும் அதே பட்டையா என்று உள்ளே வெந்துகொண்டிருந்தது.

நான்காம் நாள் காலை எட்டு மணிக்குக் கட்டடத்து மேனேஜர் எனக்கு ஃபோன் செய்தார். மேல் இரண்டு மாடியிலும் ஏசி நின்றுவிட்டது, ஒன்பதரைக்கு முக்கியமான கூட்டம். நெட்டையும் பையன்களும் அடுத்த கட்டடத்தில் இருந்தார்கள். ஃபோனில் நெட்டை, ஒன்றேகால் மணி நேரத்தில் வந்துவிடுகிறேன், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம் என்றான். மேனேஜரிடம் அதைச் சொன்னேன். அவர், அப்படியானால் இனிமேல் நேராக அவருக்கே ஃபோன் செய்துவிடுகிறேன், எனக்கு அவருடைய நம்பரைக் கொடுங்கள் என்றார்.

நம்பரைக் கொடுத்துவிட்டு ஃபில்டரைக் கழுவியிருக்கலாம். நான் பட்டையை அவிழ்த்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து மாடிச் சாவியை எடுத்தேன்.

"மச்சான், பட்டை?" என்றார் மாப்பிள்ளை.

"இருபத்திரண்டு வருஷம் இந்த வெயில்ல வெந்தவன் நான். எனக்கு இந்தத் துணிதான் காவலா? நீ வேணா இங்கயே இரு, விருந்தாளி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் அவர் இல்லாமல் எனக்குக் காரியம் ஆகாது. ஃபேன் மோட்டார் போயிருந்தால் அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பல்லால் முடிச்சை இழுத்துத் தன் பட்டையை அவிழ்த்து என் சட்டைப் பாக்கெட்டிலேயே செருகினார். "வீட்டுக்காரர் மாடிக்குப் போறப்போ விருந்தாளிக்கு மட்டும் ரூம்ல என்ன வேலை" என்றார்.

கீழே சுவிட்ச்போர்டில் சோதித்ததில் மோட்டார்தான் எரிந்திருந்தது. மாற்று மோட்டாரை இரண்டு பேரும் பின்பக்கப் படியில் தூக்கிக்கொண்டு போனோம். அப்போது மணி எட்டரை இருக்கும். கதவைத் திறந்ததுமே எனக்குக் கண் இருட்டியது. உடம்பு மறந்துதான் போயிருந்தது. ஆனாலும் யூனிட்டின் மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். நாற்பத்தொன்பது நாளுக்குப் பிறகு எனக்குத் தெரிந்த வேலையை என் கை செய்தது. எந்த நட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே விரல் போனது. வெயிலாவது, மண்ணாங்கட்டியாவது என்று இருந்தது. பக்கத்து யூனிட்கள் மாப்பிள்ளையின் முதுகுக்கு நேராக ஊதிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் நின்று பழைய மோட்டாரின் எடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கொண்டுபோன ஒரு பாட்டில் தண்ணீரும் சுட்டுப்போய்விட்டது. குடிச்சியா என்று ஒரு தடவை கேட்டேன். தலையாட்டினார்.

புது மோட்டாரை உட்கார வைத்து நான்கு போல்ட்டில் இரண்டை முடுக்கியிருந்தேன். மூன்றாவதில் ஸ்பேனர் வைத்தபோது அவர் பேசினார்.

"மச்சான், அந்தக் கதவைச் சாத்துங்க. சாரல் அடிக்குது. பாப்பா நனையறா."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். இந்தக் கொதிப்பில் நின்றுகொண்டு சாரல் அடிக்கிறதாம். இந்த ஆளைத் தவிர வேறு யாருக்கு இது வரும்? மூன்று நாளாகச் சிரிக்காத சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது.

"நீயே போய்ச் சாத்து. அப்படியே எனக்கு ஒரு காபி போட்டுக் கொண்டா."

"சரி மச்சான்" என்றார். திரும்பி நடந்தார். பக்கத்து யூனிட்டின் தகரத்தில் தாழ்ப்பாளைத் தேடுகிற மாதிரி கையால் தடவினார். மேலே தடவினார், கீழே தடவினார். என்ன நடிப்புடா சாமி என்று நினைத்து அதற்கும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மூன்றாவது போல்ட்டை முடுக்கினேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் அந்தத் தகரத்தில் நெற்றியை வைத்துச் சாய்ந்து நின்றார். அந்த நேரத்தில் அந்தத் தகரத்தை ஒரு விரலால்கூடத் தொட முடியாது. அவர் நெற்றியை எடுக்கவே இல்லை.

ஓடிப்போய் இழுத்தேன். என் கையிலேயே சரிந்தார். சட்டை காய்ந்து உப்புப் பூத்து விறைப்பாக இருந்தது, துளி வியர்வை இல்லை. உடம்பைத் தொட்டால் கை பொறுக்கவில்லை. பாட்டில் தண்ணீரை முகத்தில் ஊற்றினேன், அதுவும் சூடு. தோளில் போட்டுக்கொண்டு ஏழு மாடி இறங்கினேன். எப்படி இறங்கினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கீழே காவலாளி பார்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தான். வாசல் குழாயடியில் போட்டுத் தண்ணீரை அடித்தோம். கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. கூட ஒருவர் ஏறலாம் என்றார்கள்.

இனிமேல் நான் சொல்லப்போவதுதான் விஷயம். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு நான் ப்ளான்ட் ரூமுக்கு ஓடினேன். பாக்கெட்டிலிருந்து என் பட்டையை எடுத்துக் கையில் கட்டினேன். அவருடைய பட்டையை ஃபில்டர் உலர்த்தும் கம்பியில் தொங்கவிட்டேன். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. அந்த நேரத்தில் என் மண்டைக்குள் தங்கச்சியும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. ஊருக்கு டிக்கெட், திரும்பி வர முடியாது என்பது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வந்து என்ன செய்யப் போறீங்க என்ற கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது ஆம்புலன்ஸ் போயிருந்தது. அவர் தனியாகத்தான் போனார்.

நான் டாக்ஸி பிடித்துப் போனபோது ஆஸ்பத்திரியில் அவரை ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் கிடத்தியிருந்தார்கள். உடம்புச் சூடு நாற்பத்திரண்டு டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது என்றார் டாக்டர். பதினைந்து நிமிடம் முன்னால் தெரிந்திருந்தால்கூட ஏதாவது செய்திருக்கலாம், பேச்சில் தடுமாற்றம் எதுவும் இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். பன்னிரண்டே முக்காலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

சேஃப்டி ஆபீசர் வந்து நடைபாதைப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஃபாரத்தை மடியில் வைத்துக்கொண்டார். நல்ல மனிதர், முதலில் என் தோளைத் தட்டினார். பிறகு கேட்டார். நான் சொன்னேன். மேலே போகாதே என்று சொல்லியிருந்தேன், கேட்காமல் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார், ஆளைக் காணவில்லையே என்று தேடித்தான் நான் மேலே ஏறினேன், அதற்குள் விழுந்து கிடந்தார். எத்தனை தடவை எச்சரித்தாய் என்று கேட்டார். இரண்டு தடவை என்றேன். இரண்டு என்று எழுதிக்கொண்டார். கட்டடத்து மேனேஜர், நான் புகார் மட்டும்தான் சொன்னேன், யாரையும் மேலே போகச் சொல்லவில்லை என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார். அவருக்கும் அவர் வேலை வேண்டும். பின்பக்கப் படியில் கேமரா கிடையாது. ஃபாரத்தின் அடியில் நான் கையெழுத்துப் போட்டேன்.

நெட்டை அடுத்த கட்டடத்திலிருந்து நேராக மாடிக்குப் போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். ஆபீசர் போகும்வரை சுவரோரமாக நின்றான். போனதும் என் எதிரே வந்து நின்றான். என் கையில் இருந்த பட்டையைப் பார்த்தான்.

"அந்த மோட்டாரை ஒத்தை ஆளாத் தூக்க முடியாதுண்ணே" என்றான்.

அவன் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. சொல்லிவிட்டிருந்தால் அவனுக்கு ஃபோர்மேன் வேலை அன்றைக்கே கிடைத்திருக்கும். அன்று சாயங்காலம் மாடிக்கு ஏறி மிச்சமிருந்த ஒரு போல்ட்டை முடுக்கி மெஷினை ஓட்டிவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

தங்கச்சிக்கு நான்தான் சொல்லியிருக்க வேண்டும். ஃபோனை எடுத்து எடுத்து வைத்தேன். ரூமுக்குப் போய்ச் சொல்லலாம், முகம் கழுவிவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் ஆபீஸில் தமிழ் தெரிந்த கிளார்க் அவளுக்கு ஃபோன் செய்துவிட்டார். ஃபாரத்தில் இருந்ததை அப்படியே படித்துச் சொல்லியிருக்கிறார்.

ஐந்து மணிக்கு அவளே கூப்பிட்டாள். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எதிர்க் கட்டிலில் அவருடைய லுங்கி மடிக்காமல் கிடந்தது. வெகுநேரம் அழுகை மட்டும் கேட்டது. பின்னால் யார் யாரோ பேசினார்கள், குழந்தை எதற்கோ அடம்பிடித்துக் கத்தியது. நான் அம்மா, அம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், அவள் என்னை எப்படித் திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தேன். காரித் துப்பட்டும், அண்ணன் என்கிற உறவே வேண்டாம் என்று சொல்லட்டும். அவள் பேச ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"அண்ணே" என்றாள். "நீங்க ரெண்டு தடவை சொல்லியும் கேக்கலையாமே."

நான் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"உங்க பேச்சைத் தட்டவே மாட்டாருண்ணே. என்ன புத்தி வந்துச்சோ. போக மாட்டேன்னு நின்னவரை அனுப்பி வச்ச கோவத்துல ஏறிட்டாரோ என்னவோ. உங்களுக்குக் கெட்ட பேரை வாங்கிக் குடுத்துட்டுப் போயிட்டாரே. அங்க உங்களை ஏதும் சொன்னாங்களாண்ணே? வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லம்மா."

"மனசுல வச்சுக்காதீங்கண்ணே. அவருக்காக நான் கேட்டுக்கறேன். அவரை மன்னிச்சிருங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வார்த்தை வாய்வரை வந்தது. ரூமில் நான் மட்டும்தான் இருந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, யாரும் என்னைத் தடுக்கவில்லை.

"விடும்மா" என்றேன். "நான் ஒண்ணும் நெனைக்கல."

அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை கொஞ்சம் அடங்கியது.